ஊர் அளவு

ஏழு புள்ளி குறைந்தது. அதனால் என் மனைவியைக் கொன்றது வெறுப்பு இல்லை என்று ஆயிற்று.

அவளை அடித்த தனபாலின் வெறுப்பு அளவு முப்பத்தொன்று. எங்கள் ஊரான செம்மலைப்பட்டியின் அளவு பத்தொன்பது. ஒருவன் செய்தது வெறுப்புக் குற்றம் என்று நிரூபிக்க, அவன் அளவு ஊர் அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். முப்பத்தெட்டு. அவன் தாண்டவில்லை. எனவே வழக்கு 'வாகனம் நிறுத்துவதில் ஏற்பட்ட தகராறு' என்ற தலைப்புக்குப் போகவிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. பல்கீஸ் அவள் பெரியம்மா இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பினாள். வழக்கமாகத் தெருவில் முக்காடு போடமாட்டாள். அன்று போட்டிருந்தாள். பக்கத்துக் கடையில் கறிவேப்பிலை வாங்குவதற்காகத் தனபாலின் ஹார்டுவேர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். நான் தினமும் அதே இடத்தில்தான் நிறுத்துவேன். தனபால் எனக்கு வணக்கம் வைப்பான்.

"உங்க தெருவுல போய் நிறுத்து" என்றான் அவளிடம்.

"இதுதாங்க என் தெரு. பின்னாடிதான் வீடு" என்றாள் அவள்.

அவன் கையில் அரை அங்குலக் கம்பி இருந்தது. ஒரே அடி அடித்தான். அவள் சாக்கடை மூடியின் விளிம்பில் விழுந்தாள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். எதிரே இருந்த பூக்காரம்மா பேச்சு முழுவதையும் கேட்டிருந்தார். அப்படியே போலீஸிடம் சொன்னார். 'உங்க தெரு' என்பது பொதுவாகச் சொன்னது என்றது எதிர்த்தரப்பு.

வயது அவளுக்கு இருபத்தொன்பது. பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் கல்லூரியில் ஒரே பஸ்ஸில் போனவர்கள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது.

அரசு வழக்கறிஞர் அருள்மேரியின் அறையில் நானும் என் மாமனார் சிக்கந்தரும் உட்கார்ந்திருந்தோம். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அவருக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. தம்பி என்பார்.

"ஒரு வார்த்த சொன்னான். கம்பியால அடிச்சான். சாட்சி இருக்கு. இதுக்கு மேல மிஷின் எதுக்கும்மா?" என்றார்.

"சட்டம் அப்படிங்க ஐயா. முன்னாடியெல்லாம் காரணத்த நிரூபிக்கவே முடியாது. எவனும் 'ஆமா, வெறுப்புலதான் அடிச்சேன்'னு சொல்ல மாட்டான். அதனாலதான் கருவி வந்துச்சு."

"அது என்ன பண்ணும்?"

அருள்மேரி என்னைப் பார்த்தார். அது என் வேலை. மாவட்ட அளவீட்டு மையத்தில் நான் உதவியாளர்.

"தலையில ஒரு தொப்பி மாதிரி மாட்டுவோம் மாமா. ரெண்டு நிமிஷம் படம் காட்டுவோம். மாங்கா, பஸ், நாய், குல்லா போட்ட ஆளு, முக்காடு போட்ட பொம்பள, பள்ளிவாசல், மறுபடி மாங்கா. அந்தப் படம் வர்றப்ப உள்ள எவ்வளவு தூக்கிவாரிப் போடுதுன்னு பார்க்கும். நூத்துக்கு இத்தனைன்னு சீட்டு வரும். மத்தவங்களுக்கு வேற படம் இருக்கு. கேஸுக்குத் தகுந்த மாதிரி."

"தூக்கிவாரிப் போடுறது வெறுப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது மாமா. எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியும். அத வெறுப்புன்னு எடுத்துக்கறது சட்டம்."

சிக்கந்தர் தலையை ஆட்டினார். "மீட்டர் கரண்ட்ட மட்டும்தான் காட்டும். பல்பு எரியுதா, வீடே எரியுதான்னு அதுக்குத் தெரியாது. சரி. இந்த ஊர் அளவு எதுக்கு?"

"ஊரே ஒரு மாதிரி இருக்கும்போது ஒருத்தன மட்டும் தண்டிக்கக் கூடாதுன்னு வாதம் பண்ணாங்க ஐயா" என்றார் அருள்மேரி. "ஊருக்கு வழக்கமா இருக்கறதுக்கு மேல எவ்வளவு இருக்குதோ அதுதான் அவனோட குத்தம்னு முடிவாச்சு. அதனால ஒவ்வொரு ஊர்லயும் நூத்திருபது பேர உக்கார வச்சு சராசரி எடுத்தாங்க."

"ஆக, ஊர்ல எல்லாரும் எங்கள வெறுத்தா, யாருமே வெறுக்கலைன்னு ஆயிரும்."

அருள்மேரி வழக்குக் கட்டை மூடி வைத்தார்.

சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீட்டர் தப்பா ஓடுதுன்னு கம்ப்ளைண்ட் வந்தா மீட்டர நான் தொடவே மாட்டேன். மொதல்ல எங்க மாட்டியிருக்காங்கன்னு பாப்பேன். பத்துல எட்டு அங்கதான் கோளாறு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊர் அளவ எங்க வச்சு எடுத்தாங்க தம்பி?"

எடுத்தது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். ஊரில் பெரிய இடம் என்றால் மாரியம்மன் கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபம்தான். மற்ற மாதங்களில் கிடைக்காது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் காலியாக இருந்தது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூழ் ஊற்றுவார்கள். கூழ் வாங்க வந்த கூட்டம் மண்டபத்து நிழலுக்கும் ஃபேனுக்கும் உள்ளே வந்தது. நாங்கள் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். மற்ற ஊர்களில் ஆள் பிடிக்க மூன்று மாதம் ஆனது. எனக்கு நான்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை.

முதல் வெள்ளிக்கிழமையே பல்கீஸ் கேட்டாள். சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை, பன்னெண்டுலேருந்து ரெண்டு. ஜும்மா தொழுகை நேரம். எங்க ஆளுங்க ஒருத்தராவது வந்தாங்களா?"

"யார் வந்தாலும் எடுக்கறோம். கதவு தொறந்துதான் இருக்கு."

"கோயில் வாசல்ல தொறந்துருக்கு."

"நூத்திருபது பேர் வேணும் பல்கி. அவ்வளவுதான் ஆர்டர்ல இருக்கு."

"எந்த நூத்திருபதுன்னு இல்லையா? என் கிளாஸ்ல மொத பெஞ்சு மார்க்க மட்டும் கூட்டி சராசரி போட்டா ஹெச்.எம். என்னைய வெளிய அனுப்பிருவாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயே போனேன்.

கடைசி வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு நூற்றுப்பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். சராசரியைப் பார்த்தேன். மிகச் சரியாகப் பத்தொன்பது. பின்னம் இல்லை. கணக்கு டீச்சருக்குப் பிடிக்குமே என்று அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "நூத்திப்பத்தொம்பது பேரு, சராசரி பத்தொம்பதா? அட!" என்றாள். சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கூழ் தீர்ந்துவிட்டது. ஒரு ஆளுக்காக இன்னொரு வாரம் மண்டபம் கேட்க வேண்டும். அளவெடுக்கும் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்று விதி உண்டு. நான் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

சீட்டில் இருபத்திரண்டு என்று வந்தது.

சராசரியை விட மூன்று அதிகம். சீட்டைக் கிழித்துப் போட்டேன். சின்ன வயதில் அந்தத் தெரு வழியாக வராதே, சுற்றி வா என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள். சொன்னது எனக்கு மறந்துவிட்டது. உடம்புக்கு மறக்கவில்லை போல.

இரவு பல்கீஸ் கேட்டாள். "நீயும் உக்காந்தியா? உனக்கு எவ்வளவு, பரிதி?"

"மூணு" என்றேன்.

"மூணா? உங்க ஆளுங்க மேல எங்க அத்தாவுக்கே அதவிட இருக்கும்" என்று தன் அப்பாவைச் சொல்லிவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போனாள்.

இதையெல்லாம் அருள்மேரியிடம் மறுநாள் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் எதையும் எழுதாமல் கேட்டுக்கொண்டார்.

"வேல போயிரும்."

"தெரியும் மேடம்."

"கோயில் வாசல், ஜும்மா நேரம். இது போதும். ஊர் அளவ ரத்து பண்ணிட்டு மறுபடி எடுக்கச் சொல்லி ஆர்டர் வாங்கிரலாம். நூத்திருபதாவது ஆளு யாருன்னு அவங்களா கேக்கலைன்னா நீங்களா சொல்லாதீங்க. அந்த நம்பர் வெளிய வந்தா அத வச்சு நம்மளயே அடிப்பாங்க." பேனாவை உருட்டினார். "இந்தப் பத்தொம்பத வச்சு இதுக்கு முன்னாடி மூணு கேஸ் தள்ளுபடி ஆயிருக்கு, தெரியுமா?"

தெரியும். ஒன்று, பஸ் ஸ்டாண்டில் பிரியாணி வண்டியைக் கொளுத்தியது. தீ வைத்தவன் அளவு முப்பத்தாறு. வண்டிக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். அப்போது பல்கீஸ் செய்தித்தாளை என் முன்னால் வைத்தாள். "இதுலயும் உன் பத்தொம்பதுதானே?" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அது என் வீட்டுக்குள் வந்த பிறகுதான் நான் எழுந்திருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்த வரிசை இது.

நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் ஏறியபோது காலை பதினொரு மணி. சிக்கந்தர் மூன்றாவது வரிசையில் இருந்தார். தனபால் வெள்ளைச் சட்டையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கை பாதி எழுந்தது. இறக்கிக்கொண்டான்.

அருள்மேரி கேட்டதற்கெல்லாம் சொன்னேன். மண்டபம், கூழ், நேரம். நூற்றிருபது பேரில் ஒரு முஸ்லிம் பெயர்கூட இல்லை. ஊரில் பத்துக்கு மூன்று பேர் முஸ்லிம்கள். நீதிபதி தலையைத் தூக்கி, "இதை அப்பவே யாரும் உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

"என் மனைவி சொன்னாங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கோபிநாத் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது.

"நூற்றிருபதாவது கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"ஊழியர் உட்காரக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"உங்க அளவு எவ்வளவு?"

அருள்மேரி எழுந்து ஆட்சேபித்தார். தனிநபர் அளவைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றார். நீதிபதி, "விருப்பம் இருந்தா சொல்லலாம். இல்லைன்னா வேண்டாம்" என்றார்.

சொல்லாமல் இறங்கியிருக்கலாம். சிக்கந்தரைப் பார்த்தேன். அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோபிநாத் அவசரப்படவில்லை. நிதானமாக நீதிபதி பக்கம் திரும்பினார்.

"இறந்தவங்களோட கணவர். காதல் திருமணம். இருபத்திரண்டு. என் கட்சிக்காரர் முப்பத்தொண்ணு. ஒன்பது வித்தியாசம் ஐயா. இந்த ஒன்பதுக்குத்தான் வெறுப்புன்னு பேரா? சாட்சியே சொல்லட்டும். உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

"அவர் அடிச்சாரு. நான் அடிக்கலை" என்றேன்.

கோபிநாத் உட்கார்ந்துவிட்டார்.

பழைய ஊர் அளவு ரத்து செய்யப்பட்டது. எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் தொகைக்கு ஏற்ப எடுத்து, ஒரு மாதத்துக்குள் புது அளவு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே உத்தரவில் என் மீது துறை நடவடிக்கைக்கும் பரிந்துரை இருந்தது.

வெளியே டீக்கடையில் சிக்கந்தர் இரண்டு டீ சொன்னார். அவருக்குச் சர்க்கரை இல்லாமல்.

"மாமா, அந்த நம்பர்..."

"தெரியும் தம்பி."

"இப்பதான கோர்ட்ல கேட்டீங்க."

"இப்ப இல்ல. ரெண்டு வருஷமா தெரியும். அவ சொன்னா."

நான் அவளிடம் மூன்று என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"அதையும்தான் சொன்னா." டீயை ஒரு வாய் குடித்தார். "அரசிதழ்ல ஊர் அளவு வந்துச்சில்ல? பத்தொம்பது புள்ளி பூஜ்யம் ரெண்டு அஞ்சு. அத எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா. நூத்திப்பத்தொம்பது பேருக்குச் சரியா பத்தொம்பதுன்னு நீங்க போன்ல சொன்னீங்களாம். அப்ப மொத்தம் ரெண்டாயிரத்து இருநூத்தி அறுபத்தொண்ணு. நூத்திருபது பேருக்கு ரெண்டாயிரத்து இருநூத்தி எம்பத்திமூணு. கழிச்சுக்காட்டி, 'இந்தா இருக்காரு உங்க மருமகன்'னு சொன்னா. எனக்கு அப்பவே உங்கள வந்து கேக்கணும்னு இருந்துச்சு. அவ விடல."

"என்ன சொன்னா?"

"'பொய் சொல்றப்ப காது செவக்குது அத்தா அவருக்கு, பாவம்'னா. 'பத்து வருஷம் போகட்டும். மறுபடி உக்கார வச்சு எடுக்கறேன். அப்ப எவ்வளவுன்னு பாப்போம்'னா."

டம்ளரை வைத்துவிட்டு அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போனார். நான் இன்னொரு டீ வாங்கினேன். குடித்தேனா என்று நினைவில்லை.

புது ஊர் அளவு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசுப் பள்ளியில் எடுக்கப்பட்டது. இருநூற்று நாற்பது பேர். பதினான்கு புள்ளி இரண்டு. இரண்டு மடங்கு இருபத்தெட்டு புள்ளி நான்கு. தனபாலின் முப்பத்தொன்று தாண்டிவிட்டது. தீர்ப்பின் முதல் பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் 'மத வெறுப்பு' என்று இருக்கிறது. பூக்காரம்மா சொன்ன வார்த்தை நாற்பத்திரண்டாம் பத்தியில் ஒரு வரியாக வருகிறது. முதல் இருபது பத்தியும் கருவியைப் பற்றித்தான். பழைய மூன்று வழக்குகளையும் திறந்திருக்கிறார்கள். பிரியாணி வண்டிக்காரரைத் தேடுகிறார்கள். எனக்கு வேலை இல்லை. ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கிறேன்.

பல்கீஸ் போன பிறகு நான் அழவில்லை. எல்லாரும் கேட்டார்கள். அக்கா டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. உள்ளே எதுவும் அசையவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது அளவு எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்குப் போனேன். சிக்கந்தரும் அங்கே இருந்தார். தம் தெருவுக்கான வரிசையில் நின்று அளவு கொடுத்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கருவியில் இருந்தவள் குமுதா. என்னோடு வேலை பார்த்தவள்.

"என்னண்ணே, இங்க நிக்கிறீங்க?"

"ஒரு தடவ உக்காந்துக்கட்டுமா?"

"கேஸ்ல சாட்சி சொன்னவங்க உக்காரக் கூடாதுண்ணே. மறுபடி என்னையும் மாட்டி விடாதீங்க."

"கணக்குல சேக்க வேணாம்மா. சும்மா. எனக்கு மட்டும்."

வாசலைப் பார்த்தாள். கூட்டம் போய்விட்டிருந்தது. தொப்பியை நீட்டினாள்.

மாங்காய் வந்தது. பஸ் வந்தது. நாய். ஐந்தாவது படம் பஸ் நிறுத்தத்தில் முக்காடு போட்ட ஒரு பெண். பல்கீஸைப் போல இல்லை. நாற்பது வயது இருக்கும். கையில் துணிப்பை. பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தார். பார்த்தேன். அடுத்து மாங்காய் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் நானே தொப்பியைக் கழற்றினேன்.

குமுதா சீட்டைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து ஓடுதுண்ணே. சூடாயிருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி எடுக்கலாம்."

"எவ்வளவு?"

"கோளாறுண்ணே."

நானே கிழித்துக்கொண்டேன். நாற்பத்தேழு.

தனபாலை விடப் பதினாறு அதிகம். சட்டப்படி நான் இந்த ஊரில் யாரையும் விட வெறுப்பவன்.

"மறுபடி எடுக்கட்டுமா?" என்றாள் குமுதா.

"வேணாம்மா. சரியாத்தான் இருக்கு."

சிக்கந்தர் எழுந்து வந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, ரீடிங் எடுப்பதைப் போலப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

"பத்து வருஷம் போகட்டும்னா" என்றார். "ரெண்டு வருஷத்துலயே இவ்வளவு ஏறிப்போச்சே தம்பி."

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.